சப்ஜாவும் திருநீற்றுப்பச்சையும்

நயா பைசா புதிதாக வந்து, பழைய அணாவுக்கு எத்தனை என்று கடைக்குக் கடை சண்டை நடந்த வருஷம் அது. அதே கோடையில் மதராஸில் தொடங்கிய ஃப்ளூ காய்ச்சல் செங்கல்பட்டைத் தாண்டி மாமல்லபுரம் வரைக்கும் வந்து, வீட்டுக்கு ஒருவரைப் படுக்க வைத்தது. போன வெள்ளிக்கிழமை சர்பத்துக்கடை பாத்திமா மௌத்தாகிவிட்டாள் என்று அவள் பேரன் வந்து சாவுச்சேதி சொன்னபோது, எனக்கு அந்தக் கோடைதான் முதலில் கண்ணில் வந்து நின்றது. எழுதப் படிக்கத் தெரியாதவன் நான். சொல்கிறேன், எழுதிக்கொள்கிறார்கள்.

உங்களில் பலர் பாத்திமாவைக் கல்லாவில் உட்கார்ந்திருந்த கிழவியாகத்தான் பார்த்திருப்பீர்கள். நான் பார்த்தது காதர் பாய் கட்டிக்கொண்டு வந்த புதுப்பெண்ணை. பாய் அப்போது பஸ் நிற்கும் இடத்தில் தள்ளுவண்டி போட்டு சர்பத் விற்றார். நான் குப்பத்தில் கடலுக்குப் போகிறவன். என் மனைவி வள்ளி மீன்கூடையை முதலில் இறக்குவது அவர்கள் வாசலில்தான்.

"இன்னா வள்ளிக்கா, மீன் விக்கிறியா, பூ விக்கிறியா? கை இப்பிடி மணக்குது" என்பாள் பாத்திமா.

"துண்ணூத்துப்பச்சைடி. மீன் அறுத்துட்டு ரெண்டு எலைய கசக்கித் தேச்சா கவிச்சி ஓடிப்பூடும்."

எங்கள் குப்பத்தில் திருநீற்றுப்பச்சை இல்லாத வீடு கிடையாது. கங்கையம்மனுக்கு மாலையில் வைத்துக் கட்டுவோம். காதுவலி என்றால் இலைச்சாறு இரண்டு சொட்டு. மூட்டைப்பூச்சி என்றால் பாய்க்கு அடியில் ஒரு கொத்து. கதிர் விட்டால் இலை சிறுத்துப்போகும் என்று, பூ தலைகாட்டும்போதே வள்ளி கிள்ளி எறிந்துவிடுவாள். ஆகவே அதன் விதை எப்படியிருக்கும் என்று நாங்கள் கண்டதே இல்லை.

காதர் பாய் வீட்டில் தெரிந்தது, தண்ணீரில் போட்டால் வழவழவென்று ஊதிக்கொள்ளும் சப்ஜா விதை மட்டும். செங்கல்பட்டுக் கடைத்தெருவில் வாங்கி வருவார். உடம்புச் சூட்டுக்கு, நீர்க்கடுப்புக்கு, நோன்பு திறக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். "சீமைலேர்ந்து வர்ற வெதை மச்சான்" என்று என்னிடமே பெருமை அடிப்பார். செடியை அவர் கண்டதில்லை.

அந்தக் கோடையில் காய்ச்சல் பாத்திமாவையும் பிடித்தது. தலைப்பிள்ளை வயிற்றில். எது கொடுத்தாலும் வாந்தி. தண்ணீர் உள்ளே நிற்காவிட்டால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். "சப்ஜா போட்டுக் குடுங்க, அது வழுக்கிகினு எறங்கும்" என்று அவள் முனகினாள். டப்பா காலி. பாய் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினார். அங்கே பாதிக் கடை காய்ச்சலில் மூடிக் கிடந்தது.

அவர் திரும்புவதற்குள் வள்ளி ஒரு காரியம் செய்தாள். நோயாளி முகரட்டும் என்று திருநீற்றுப்பச்சையைக் கொத்தாக ஒடித்துக்கொண்டு போய்த் தலைமாட்டில் வைத்தாள். சில வாரம் முன்பு வள்ளியே அந்தக் காய்ச்சலில் படுத்துக் கிடந்ததால், செடியைக் கிள்ளாமல் விட்டிருந்தாள். கதிர் முற்றிக் காய்ந்து கிடந்தது. அதிலிருந்து என்னவோ உதிர்ந்து, பக்கத்திலிருந்த தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்திருக்கிறது. சற்றுக் கழித்துப் பார்த்தவள் கத்தினாள்.

"ஐயய்யோ, தண்ணில இன்னாடி இது, மீன் சினையாட்டம்!"

கொட்டப் போனவளின் கையைப் பாத்திமா பிடித்துக்கொண்டாள். எழுந்து உட்காரத் தெம்பில்லாதவளுக்கு அந்தப் பிடி எங்கிருந்து வந்ததோ.

"கொட்டாதக்கா. சப்ஜாக்கா அது. இன்னும் ஒதிரு."

கரண்டி கரண்டியாக வள்ளி ஊட்டினாள். உள்ளே போனது வெளியே வரவில்லை. செடி காப்பாற்றியது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். டாக்டரின் மருந்தும் பிறகுதான் தங்கியது.

வெறுங்கையோடு வந்து இறங்கிய பாயிடம், "இன்னா பாய், சீமைச் சரக்கு எங்க வூட்டுக் கெணத்தாண்ட நின்னுகினு கீது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கதிரை வாங்கி முகர்ந்தார். அப்படியே வாசலில் உட்கார்ந்து அழுதார்.

அதற்குப் பிறகு வள்ளி பாதிச் செடியைத்தான் கிள்ளுவாள். "இந்தப் பக்கம் அம்மனுக்கு, அந்தப் பக்கம் பாய்க்கு" என்பாள். வருஷா வருஷம் அவளும் பாத்திமாவும் கதிரை முறத்தில் தேய்த்துப் புடைத்துக்கொண்டு, ஊர்க்கதை பேசிச் சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரைக்கும் கேட்கும். "வெதைக்காக எங்க வூட்டுக்காரரு பஸ் ஏறுனாரு, செடி வூட்டாண்டயே கீது" என்று சொல்லிச் சொல்லிப் பாத்திமா சிரிப்பாள். வள்ளி போன பிறகு அந்தக் கதையை அவள் சொல்லவே இல்லை. நான் கடைப்பக்கம் போனால் மட்டும், "அண்ணாத்த, ஒக்காரு, குடிச்சிட்டுப் போ" என்று அதட்டுவாள். காதில் இருக்கிறது. அந்த அதட்டல் ஒன்றுதான் எனக்கென்று மிச்சம். இந்த ஒரு வாரமாக அந்த வழியே போக என் கால் வரவில்லை.

காதர் பாய் போனார். வள்ளி போனாள். இப்போது பாத்திமா. அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்களில் என்னை விட்டால், அப்போது வயிற்றில் இருந்தவள் ஒருத்திதான் இருக்கிறாள். அரபியில் அந்தச் செடிக்கு என்ன பெயர் என்று பள்ளிவாசல் அசரத்திடம் கேட்டுவந்து, அதையே பாத்திமா அவளுக்கு வைத்தாள். ரைஹானா.