ஏரல் தென்னந்தோப்பில் ஓர் ஆன்டெனா சோதனை

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஏப்ரல் சனிக்கிழமை, உள்ளங்கையில் அடங்கும் செம்புத் தகடு ஒன்றைத் தூக்கிக்கொண்டு திருநெல்வேலியிலிருந்து ஏரலுக்குப் போனேன். அது என் ஆராய்ச்சிக்காக நான் செய்த ஆன்டெனா. இரண்டு முதல் எட்டு கிகாஹெர்ட்ஸ் வரை எந்த அலைவரிசையிலும் சுற்றிலும் ஒரே சீராக அலை பரப்பவேண்டும். நான் பாடம் நடத்திய கல்லூரியின் மொட்டைமாடியில் அளந்தபோது, சுவர்களில் அலை பட்டுத் திரும்பி எல்லாம் குழம்பியது. "திங்கட்கிழமைக்குள் நல்ல அளவு வராவிட்டால் தலைப்பை மாற்றிவிடுங்கள்" என்றார் வழிகாட்டி. இரண்டு வருட உழைப்பு.

காலை ஆறு மணிக்கு வேன். வாடகை நானூறு ரூபாய். நாற்பது கிலோமீட்டரைக் கடக்க ஒன்றேகால் மணி நேரம். உடன் வேலை பார்த்த ஜெபராஜ் அளக்கும் கருவியைக் கைப்பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தான். அவனுக்குத் தெரிந்த சுடலை அண்ணாச்சியின் தென்னந்தோப்புதான் இடம். கட்டடம் இல்லை, மின்கம்பி இல்லை, நிழல் வேறு.

நடுவில் மர முக்காலியில் தகட்டை நிறுத்தி, மூன்று மீட்டர் தள்ளிச் சுண்ணாம்பால் வட்டம் போட்டோம். வட்டத்தில் பன்னிரண்டு இடங்களில் நின்று ஜெபராஜ் அளந்தான். மூன்று கிகாஹெர்ட்ஸ் வரை தங்கமாக வந்தது. ஆறு கிகாஹெர்ட்ஸில் வடகிழக்குப் பக்கம் அளவு பாதிக்கும் கீழே விழுந்தது.

"லே, அங்கன மட்டும் செத்துக் கெடக்குலே" என்றான்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. எரிச்சலில் தகட்டைக் கால் சுற்றுத் திருப்பி வைத்து மறுபடி அளக்கச் சொன்னேன். அளவு விழுந்தது அதே வடகிழக்கில்! தகட்டின் குறையென்றால் அதுவும் தகட்டோடு திரும்பியிருக்க வேண்டும். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். ஒவ்வொரு மரத்திலும் ஆளுயரத்தில் தகரம் சுற்றி ஆணி அடித்திருந்தது. வடகிழக்கு மரம் மட்டும் எங்கள் வட்டத்தை ஒட்டியே நின்றது.

"அண்ணாச்சி, இது என்னது?"

"எலி ஏறாம இருக்கதுக்குவே. வழுக்கி உட்ரும்லா."

பிறந்ததிலிருந்து பார்க்கிற தகரம்தான். எலியோடு என் அலையும் அதில் வழுக்கித் திரும்பும் என்று தோன்றவே இல்லை.

"கழத்திருவமா? ரெண்டு நாளு எலி தின்னா தின்னுட்டுப் போவுது" என்று அண்ணாச்சி கடப்பாரையைத் தேடினார். மனசு நிறைந்துவிட்டது. வேண்டாமென்று எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு தோப்பை ஒட்டிய ஆற்று மணலுக்கு நடந்தோம். பதினொன்றரை மணி, கால் வைக்க முடியாத சூடு. ஆனால் எட்டு கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் பன்னிரண்டு இடத்திலும் கருவியின் முள் அதிகம் அசையவில்லை.

இதே வேலையாகப் போகிறவர்கள் எட்டு மணிக்குள் மணலில் இறங்கிவிடுங்கள். கருவிக்கு மின்சாரம் தர இரண்டு கார் பேட்டரி வேண்டும். குடை வேண்டாம், அதிலும் கம்பி இருக்கிறது. அளவு கெட்டால் ஆன்டெனாவைத் திட்டுவதற்கு முன் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

தலைப்பு தப்பியது. அடுத்த மாதம் நன்றி சொல்லப் போனபோது, ஏரல் காப்பிக்கடையில் அண்ணாச்சி என்னை எல்லோருக்கும் காட்டினார்: "எலிக்கு அடிச்ச தகரத்துல மாட்டுன வாத்தியாரு இவருதான்வே!"

கடையே சிரித்தது. அதில் அதிகச் சத்தம் என்னுடையதுதான்.