ஒரு சுற்று கூடுதல்

ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்து, சாங்கியில் விமானத் திடல் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், மண் தள்ளும் டிராக்டர்களுக்கு மெக்கானிக் லாசரஸ்தான். சிராங்கூன் ரோட்டுப் பட்டறையில் இருந்த நாளிலிருந்தே எந்த நட்டையும் ஸ்பேனரில் குழாயைச் செருகி ஒரு சுற்று கூடுதலாக முறுக்குவார். முறுக்கிய கையோடு அதன் தலையில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு இழுப்பார். ஒரு சொட்டு எண்ணெய் கசிந்தாலும் அவருக்குப் பொறுக்காது.

அன்று காலை ஒரு டிராக்டரின் அடியில், எண்ணெய் வடிக்கும் நட்டு அசையவே இல்லை. கூட வேலை செய்த சிவமணி மல்லுக்கட்டியதில் அதன் முனைகள் மழுங்கிவிட்டன. லாசரஸுக்குக் கோபம் தலைக்கேறியது.

"கெடுத்து வச்சிட்டீங்களேய்யா. போன தடவ இத இப்படி முறுக்குனதும் நீங்கதானே?" என்று விரலை நீட்டிக் கத்தினார்.

"நான் தொடவே இல்லண்ணே," என்றார் சிவமணி.

பக்கத்தில் நின்ற ஜப்பானிய அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. நீட்டிய விரலே போதுமாக இருந்தது. சிவமணியை அறைந்து லாரியில் ஏற்றினார்கள்.

லாசரஸ் நட்டின் விளிம்பில் உளியை வைத்து, சுத்தியலால் தட்டித் தட்டித் திருப்பினார். மதியத்துக்குள் அது கழன்று, கறுத்த எண்ணெய் கொட்டியது. நட்டைத் துணியால் துடைத்தார். சேற்றுக்கு அடியில் சிவப்புக் கோடு தெரிந்தது.

அதிகாரி பத்தடி தள்ளித்தான் நின்றிருந்தார். லாசரஸ் நட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

போர் முடிந்தும் சிவமணி திரும்பவில்லை. லாசரஸ் மாதம் தவறாமல் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவார்.

"கோவப்பட்டேன், சாமி," என்பார். அதற்கு மேல் சொல்ல ஒரு தடவைகூட அவருக்கு வாய் வந்ததில்லை.