மனுவில் எழுதிய போன் நம்பர்கள்

மனுவை எழுதியது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். கொடி கட்டும் தகராறில் ஊர்த்தெரு ஆண்களும் காலனி ஆண்களும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். தடை உத்தரவு போட்டார்கள். ஐந்து பேர் சேர்ந்து நிற்கக்கூடாது. அதிகாரிகள் நடத்திய அமைதிக் கூட்டத்தில் சண்டை போட்டவர்களே உட்கார்ந்து டீ குடித்தார்கள். ஒரு பெண்ணைக்கூடக் கூப்பிடவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் ஊர்த்தெரு. ஆனாலும் இரண்டு தெருப் பெண்களும் ஒன்றாகத்தான் மல்லாட்டை பிடுங்கப் போவோம். அந்த வேர்க்கடலைக் கொல்லையிலேயே பேசி முடிவெடுத்தோம்: போலீஸ் வேண்டாம், சமாதானத்தை நாங்களே செய்துகொள்கிறோம் என்று மனு கொடுப்பது.

மகளிர் குழுவில் படிவம் நிரப்பிப் பழகிய கை என்னுடையது. எங்களில் பலருக்குச் சொந்தமாகப் போன் இல்லை. அதனால் குழுப் படிவத்தில் எழுதுவதுபோலவே, ஒவ்வொருத்தி பெயருக்கு எதிரிலும் அவள் மகன் பெயரையும் நம்பரையும் எழுதினேன். பதில் வந்தால் தகவல் சொல்ல ஆள் வேண்டாமா? என் பெயருக்கு எதிரில் மட்டும் என் நம்பர். என்னிடம் போன் இருந்தது.

விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, முத்திரை வைத்த நகலோடு சிரித்துக்கொண்டே திரும்பினோம்.

நாலாம் நாள் அந்தப் போன்கள் அடிக்க ஆரம்பித்தன, மனுவில் இருந்த வரிசைப்படியே, ஸ்டேஷனிலிருந்து. கலவர வழக்குக்கு ஆள் தேடியவர்களுக்கு நானே பட்டியல் போட்டுக் கொடுத்திருந்தேன், பாவி. முதல் நம்பர், காலனியிலிருந்து என் பக்கத்துச் சாலில் மல்லாட்டை பிடுங்குகிறவளின் மகனுடையது. சண்டை நடந்த அன்று அவன் சென்னையில் வேலையில் இருந்தான். அம்மா கொடுத்த மனு விஷயம்தானே என்று நம்பி, பஸ் ஏறி வந்து ஸ்டேஷனுக்குப் போனான். இப்போது ஜெயிலில் இருக்கிறான்.

மற்ற பையன்கள் ஊரைவிட்டே போய்விட்டார்கள். கொல்லையில் இன்று இரண்டு கும்பல்கள்.

போன வாரம் ஜெயிலில் இருப்பவனின் அம்மா வந்தாள். உட்காரச் சொன்னேன், நின்றாள்.

“யக்கா, மனுவுல என் பேரை அடிச்சிடுங்க.” இத்தனை வருஷம் என்னை வா, போ என்றவள்.

“அது அங்க மாட்டிக்கினு இருக்குதே. என்கிட்ட ஜெராக்ஸ்தான் இருக்குது.”

“அதுலயாவது அடிங்க. நான் ஒரு சமாதானமும் கேக்கல.”

ஒன்றும் ஆகப்போவதில்லை என்று இருவருக்கும் தெரியும். அவள் பெயரைக் கோடு போட்டு அடித்தேன். பேனா அப்படியே எதிரில் இருந்த பெயருக்குப் போனது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவன் பேரை அடிக்காதீங்க. அவன் உசுரோட இருக்கறான்.”