சூனியக்காரியின் மச்சம்

என் தம்பி மனைவிக்கு சினிமா ஸ்டுடியோவில் மூக்கக்கா என்று பெயர். என்னைவிடச் சின்னவள்தான், இருந்தாலும் நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். இருபத்தாறு வருடங்களாகச் சூனியக்காரி வேடம் என்றால் அவளைத்தான் தேடி வருவார்கள். ரப்பரில் வளைந்த மூக்கு வார்த்து, முகவாயில் மரு ஒட்டி, எப்பேர்ப்பட்ட அழகியையும் பார்த்தவர் பதறுகிற மாதிரி ஆக்கிவிடுவாள். நான் பக்கத்து நாற்காலியில் விக் வைப்பவள். வீட்டில் எங்களுக்குள் ஏழாம் பொருத்தம். வேலையில் அவள் கையைப் பார்த்தால் மட்டும் என் வாய் தானாக மூடிக்கொள்ளும்.

போன வருடம் வந்த படம் வேறு மாதிரி. முன்னூறு வருடங்களுக்கு முன் வெளிநாட்டில் சூனியக்காரி என்று தூக்கிலிடப்பட்ட ஒரு மருத்துவச்சியின் நிஜக் கதை. டைரக்டர் பழைய வழக்குக் குறிப்பின் நகலைக் கொடுத்திருந்தார். மூக்கக்கா சாப்பாட்டை மறந்து அதைப் படித்தாள். மருத்துவச்சியின் மூக்கைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லையாம். வழக்கை விசாரித்தவர்கள், அவள் பிரசவம் பார்த்த பெண்களையே விட்டு அவள் உடம்பைச் சோதிக்க வைத்தார்களாம். தோளில் மச்சம் இருந்தது. சாத்தான் வைத்த அடையாளம் என்று அதையே சாட்சியாக்கிவிட்டார்கள்.

"ஒரு மச்சத்துக்கா?" என்றேன்.

"ஒரே ஒரு மச்சத்துக்கு, அண்ணி," என்றாள்.

தயாரிப்பாளர் வளைந்த மூக்குதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். இவள் முடியாது என்றாள். கடைசியில், மருத்துவச்சியின் உடம்பைச் சோதிக்கும் காட்சியை இவள் சொன்னபடி எடுப்பது, சரிவராவிட்டால் வேறு மேக்கப் ஆள் என்று முடிவாயிற்று. எனக்கு வந்த கோபம்! வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதா என்று வீடுவரை திட்டிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் கதாநாயகிக்கு வெறும் முகம். தோளில் மட்டும், தூரிகையின் நுனியால் கடுகளவு ஒரு மச்சம். சோதிக்கும் பெண்ணாக நடித்தவள் சால்வையை விலக்கி அதன்மேல் விரல் வைத்தாள். "இதோ இருக்கு" என்று வசனம். அவள் சொல்லவில்லை. தன் கையையே பார்த்தபடி நின்றாள்.

அவளுடைய கட்டைவிரலுக்குக் கீழே அதே அளவில் ஒரு மச்சம். கேமராவுக்கு வருகிறவர்களின் மச்சத்தை பவுண்டேஷன் தடவி மறைப்பது எங்கள் தொழிலில் முதல் வேலை. அதற்கு முந்தைய காட்சிகளிலெல்லாம் மறைத்திருந்த மூக்கக்கா, அன்றைக்குத் தோளிலேயே கண்ணாக இருந்து, இந்தக் கையைக் கோட்டை விட்டுவிட்டாள். மானிட்டரில் இரண்டு மச்சமும் பக்கத்தில் பக்கத்தில் பெரிதாகத் தெரிந்தன. போச்சு, இவள் வேலை போச்சு என்று நினைத்தேன்.

டைரக்டர் கட் சொல்லவில்லை. செத்துப்போன அந்த மருத்துவச்சியே எங்கள் நடுவில் நிற்கிறாள் என்று தோன்றி எனக்குப் புல்லரித்துவிட்டது. ரொம்ப நேரம் கழித்து, இந்த ஷாட் இப்படியே இருக்கட்டும் என்றார் டைரக்டர். தயாரிப்பாளர் மூக்குப் பேச்சையே எடுக்கவில்லை.

மூக்கக்கா அந்தப் பெண்ணிடம் ஓடிப்போய், தப்பு தன்னுடையதுதான் என்று சொல்லி, மறைப்பதற்காக அவள் கையைப் பிடித்தாள். அந்தப் பெண் கையை இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, அந்தக் காலத்துல நான் அங்க இருந்திருந்தா, என்னையும் பிடிச்சிருப்பாங்களா?"

"பிடிச்சிருப்பாங்கம்மா. அதுக்கு முன்னாடி அந்த மருத்துவச்சியைச் சோதிக்கச் சொல்லி உன்னையே விட்டிருப்பாங்க. பயத்துல நீயும் சோதிச்சிருப்ப, நானும் சோதிச்சிருப்பேன்."