எண்ணெய் போன இடம்

தையற்கூடத்தில் எல்லோரும் 'சாட்டின் அக்கா' என்று அழைக்கும் அவள், மேஜையில் கிடந்த துணியை ஒருமுறை நீவிவிட்டாள். சரக்கென்று மெல்லிய சத்தம். அடுத்த மேஜைக்குக்கூடக் கேட்டிருக்காது, அவளுக்கு மட்டும் கேட்டது. குனிந்து பார்த்தாள். வழவழப்பான துணியில் ஓர் இழை கிளம்பிக் கோடு போட்டிருந்தது. விரலைத் திருப்பிப் பார்த்தாள். கிணற்றடியில் கிடக்கும் பழைய சோப்புத் துண்டுபோல வெடித்திருந்தது.

"மறுபடியுமா?" என்றார் கட்டிங் மாஸ்டர், கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே.

"பனிக்காலம் மாஸ்டர். எல்லாருக்கும்தான் கை காயுது."

"எல்லாரும் சாட்டின் தைக்கலையேம்மா. அடுத்த வாரம் பாடகியம்மாவோட மேடை உடுப்பு வருது. அந்தத் துணியில இன்னொரு முழம் எங்க தேடினாலும் கிடைக்காது. அதுல இழை போச்சு, சொல்லிட்டேன், மேஜையை மாத்திடுவேன். பட்டன்காரி கையைப் பாரு, பூ மாதிரி இருக்கு."

பட்டன் தைக்கும் பெண் தலை குனிந்துகொண்டாள். அதில் பாதி கூச்சம், பாதி சந்தோஷம். சாட்டின் அக்கா இரண்டையும் பார்த்தாள். அந்தத் தையற்கூடத்தில் வழுக்கி ஓடும் துணியைச் சுருக்கம் விழாமல் தைக்கிற கை அவளுடையது ஒன்றுதான். பேரும் அதில்தான் வந்தது, ஜன்னலோரத்து மேஜையும் அதில்தான் வந்தது. அந்த வெளிச்சத்தை விட்டு மூலைக்குப் போய்ப் பட்டன் துளைக்குக் காஜா எடுப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து வாயைத் திறந்ததுதான் அவள் செய்த தவறு. உடம்பில் ஒரு குறை வந்துவிட்டால் அதற்கப்புறம் அது நம்முடையதாக இருப்பதில்லை, தெருவின் பொதுச்சொத்தாகிவிடுகிறது. கணவர் பேருந்து ஓட்டுகிறவர், எதற்கும் அவசரப்படாதவர். கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "தேன் தடவு" என்றார். தடவினாள். காலையில் தலையணை உறை முழுக்க எறும்பு.

"நீ நிறையத் தடவிட்டே" என்றார்.

"ஆமா, தப்பு என்மேலதான். எறும்புகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

எதிர்வீட்டுக்காரி எலுமிச்சம்பழத்தைப் பாதியாக அறுத்துக்கொண்டு வந்து, "தேய்ச்சுப் பாருங்க, பட்டு மாதிரி ஆயிடும்" என்றாள். வெடித்த விரலில் எலுமிச்சைச் சாறு பட்டால் என்ன ஆகும் என்று அவள் தன் விரலில் பார்த்ததில்லை போலும். சாட்டின் அக்கா கண்ணில் நீர் முட்டக் குழாயடிக்கு ஓடினாள். "எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று பின்னாலேயே குரல் வந்தது. எரிகிறது என்றால் எரிகிறது என்று மட்டும்தான் அர்த்தம் என்று திருப்பிச் சொல்ல நினைத்தாள். சர்க்கரை கடன் கேட்டுப் போக வேண்டிய வீடு என்பதால் சொல்லவில்லை. பாலாடையைத் தானே தேடிக் கையில் தடவிப் பார்த்தாள். அடுத்த வீட்டுப் பூனை இரண்டு நாள் அவள் பின்னாலேயே சுற்றியது.

ஆனால் நாத்தனாருக்கு ஈடாக யாரும் வர முடியாது. கணவரின் அக்கா அவள். வைத்தியம் சொல்வதற்கென்றே தொலைபேசி வைத்திருக்கிறவள்.

"தேங்காய் எண்ணெய்தான்மா. வேற ஒண்ணும் வேண்டாம். குளிச்ச உடனே, ஈரம் காயறதுக்குள்ள தடவு. ராத்திரி படுக்கறப்போ ஒருதரம் தடவி, பழைய பருத்தி உறையைக் கையில மாட்டிக்கிட்டுத் தூங்கு."

"தடவிக்கிட்டுத்தான் அண்ணி இருக்கேன்."

"தடவினா ஏன் இன்னும் காயுது?"

"அதை என் கையைத்தான் கேக்கணும்."

"வாய்க்கு மட்டும் வறட்சியே வரமாட்டேங்குது உனக்கு."

நாத்தனார் சொன்னபடியே செய்தாள் என்பதில் பொய் இல்லை. இரவு தடவினாள், காலையிலும் தடவினாள். வேலைக்குப் போனதும், தையற்காரர்கள் எல்லோரும் செய்வதையே அவளும் செய்தாள். எண்ணெய்க் கையோடு சாட்டினைத் தொட்டால் கறை பிடிக்கும். அதனால் வெட்டு மேஜைக்கடியில் சேரும் சாக்கட்டித் தூளை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருப்பார்கள். அதில் கையை விட்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்து, தட்டிவிட்டு உட்காருவாள். பல வருஷப் பழக்கம். நாத்தனாரின் எண்ணெய் கூடக்கூட, தூளையும் கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தாள்.

கை இன்னும் மோசமாயிற்று.

பாடகியின் துணி வந்த அன்று மாஸ்டர் அதைக் குழந்தையை ஏந்துவதுபோல ஏந்தி வந்து மேஜையில் கிடத்தினார். சாட்டின் அக்கா அதைத் தொடத் துணியவில்லை. "முதல்ல லைனிங்கை முடிச்சிடறேன் மாஸ்டர்" என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், வெட்டு மேஜைக்குத் திரும்பிப் போனார்.

அப்போதுதான் பட்டன்காரி அலறினாள். தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவள், ஒரு சொட்டை லைனிங் துணியில் விட்டுவிட்டாள்.

"ஐயோ அக்கா, போச்சு!"

"கத்தாதே. மாஸ்டர் காதுல விழும். டப்பாவை எடு."

சாட்டின் அக்கா கறையின் மேல் சாக்கட்டித் தூளைக் குவித்தாள். கொஞ்ச நேரம் விட்டு, தூசி தட்டும் தூரிகையால் நீக்கினாள். மறுபடி குவித்தாள். மறுபடி நீக்கினாள். துணி வெளுத்து, வறண்டு, மொடமொடவென்று நின்றது.

"அப்பா! ஒரு துளி எண்ணெய் விடலையே. எல்லாத்தையும் உறிஞ்சிடுச்சு" என்றாள் பட்டன்காரி.

"உறிஞ்சாம? இதுக்குன்னே..."

சாட்டின் அக்கா பாதியில் நிறுத்தினாள். தன் கையைப் பார்த்தாள். மணிக்கட்டு வரை வெள்ளைத் தூள். ரேகைகளுக்குள், வெடிப்புகளுக்குள், நகக்கண்ணுக்குள்.

சிரிப்பு வரவில்லை. கோபம் வந்தது, அதை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. எறும்பு, பூனை, எலுமிச்சை, தொலைபேசி, இத்தனையும் பட்டு, ஒவ்வொரு காலையும் தன் கையாலேயே எண்ணெயையெல்லாம் இந்தத் தூளால் துடைத்து எடுத்திருக்கிறாள். துணிக்குத் தெரிந்த பாடத்தைத் தோலுக்குப் பொருத்திப் பார்க்கத் தோன்றவே இல்லை. பழகிய செயலை யாரும் செயலாகவே எண்ணுவதில்லை. அது மூச்சு விடுவதுபோல நடந்துவிடுகிறது.

"என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. அந்த டப்பாவை அந்தண்ட எடுத்துட்டுப் போ. நான் கேட்டாலும் குடுக்காதே."

அன்றிலிருந்து காலையில் எண்ணெய் இல்லை. மாலை வீட்டுக்கு வந்ததும் கையைக் கழுவி, ஈரத்தோடு தடவிக்கொண்டாள். இரவில் இன்னொரு முறை தடவி உறை மாட்டிக்கொண்டாள். காலையில் மீதியை வெறும் ஈரத்துணியால் ஒற்றி எடுத்தாள். வேலையில் லைனிங்கை வேண்டுமென்றே மெதுவாகத் தைத்தாள். மாஸ்டர் வந்து வந்து நின்றார். "லைனிங் தைக்கறியா, கோட்டை கட்டறியா?" என்றார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். தினமும் பழைய நைலான் துண்டு ஒன்றை விரலால் நீவிப் பார்த்தாள். முதல் நாள் இழை வெடிப்பில் பிடித்தது. அடுத்த நாளும் பிடித்தது. பிறகு லேசாகப் பிடித்தது. ஒரு காலை, பிடிக்காமல் வழுக்கிப் போனது.

பாடகியின் துணியை அன்றே எடுத்தாள். மேடை உடுப்பு முடிந்து தொங்கியபோது மாஸ்டர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறை ஒன்றும் கிடைக்காத எரிச்சலில், "சரி, மேஜையைத் துடைச்சு வை. அடுத்த சாட்டின் நாளைக்கு வருது" என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு யாரும் வாங்கியதில்லை.

வீட்டில் கணவர் கையைப் பிடித்துப் பார்த்தார். "பாத்தியா, தேன்" என்றார். எதிர்வீட்டுக்காரி வாசலிலிருந்தே, "அன்னிக்கு எரிஞ்சதுல்ல, அதோட பலன் இது" என்றாள். தொலைபேசி அடித்தது.

"கை சரியாயிடுச்சாமே! தம்பி சொன்னான். நான் அப்பவே சொன்னேனா இல்லையா?"

சாக்கட்டித் தூள் கதையைச் சொல்லலாம். சொன்னால் நாத்தனாரின் வெற்றி இரண்டு மடங்காகும், இனி எல்லாக் கல்யாணத்திலும் அது சொல்லப்படும். சொல்லாவிட்டாலும் எண்ணெய் எண்ணெய்தான். முதல் நாளிலிருந்தே அது தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது.

சாட்டின் அக்கா பெருமூச்சு விட்டாள்.

"எண்ணெய் பரவாயில்ல அண்ணி" என்றாள்.

"பரவாயில்லையா? அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். வைக்கட்டுமா? கை ஈரமா இருக்கு, காயறதுக்குள்ள தடவணும்."