குறை சொல்லியே விற்ற வீடு

கடலோரத் தெருக்களில் அவளை வீட்டக்கா என்றால்தான் தெரியும். வீடு விற்றுத் தருவதும் வாங்கித் தருவதும் அவள் பிழைப்பு. ஆள் வருவதற்கு முன்பே போய், பூட்டிக் கிடக்கும் வீட்டின் சன்னல்களையெல்லாம் திறந்துவிடுவாள். உப்புக்காற்றில் இறுகிப்போன கீல்களுக்கு எண்ணெய் விட்டு, தரை மணலைக் கூட்டித் தள்ளிய பிறகுதான் வாசலுக்கு வந்து நிற்பாள். கல்யாணம் கசந்து அண்ணன் வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தபோது, யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது என்று பிடித்த தொழில் இது.

அறை தனி. சமையல் மட்டும் கீழே, அண்ணியோடு. அண்ணி நல்லவள்தான். ஆனால் உப்பு டப்பா இடம் மாறியிருந்தால் ஒன்றும் சொல்லாமல் நகர்த்தி வைப்பாள். அந்த ஒன்றும் சொல்லாததுதான் வீட்டக்காவைச் சுடும்.

அந்த வருடம் அவளிடம் ஒரு வீடு வந்து மாட்டிக்கொண்டது. முன்னறையில் நின்றால் எதிரே கடல்தான், வேறொன்றும் இல்லை. வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வீட்டை விற்றுவிட்டு வெளியூரிலிருக்கும் மகளோடு போய் இருந்துவிடலாம் என்பது அவர் முடிவு. வீடு பார்க்க ஆள் வந்தால், "பேரம் பேசுறதெல்லாம் எனக்கு ஆகாதும்மா, நீயே பாத்துக்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

வீட்டில் இருப்பது அவர் மனைவி. அந்த அம்மாள் வருகிறவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுப்பாள். கூடவே வீட்டின் குறைகளையும் கொடுப்பாள்.

"இரும்புன்னு ஒண்ணு இந்த வீட்டுல நிக்காது, வருஷா வருஷம் துரு. துணி காஞ்ச மாதிரி இருக்கும், தொட்டா பிசுபிசுங்கும். மழைக்காலத்துல அலைச் சத்தத்துல பக்கத்துல பேசுறதே கேக்காது."

வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். "சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்துவிடுவார்கள். அப்படிப் போன யாரும் சொல்லி அனுப்பியதில்லை.

வீட்டக்காவுக்குப் பொறுமை போனது. பொய் சொல்கிறீர்கள் என்று சண்டை பிடிக்கவும் வழியில்லை, அத்தனையும் நிஜம். ஒரு காலையில் தனியாகப் போய் அடுக்களை வாசலில் நின்றாள்.

"ஏம்மா, வீட்டை விட்டுப் போக மனசில்லன்னா சொல்லிடுங்க. நான் வேற வேலையைப் பாக்குறேன்."

அந்த அம்மாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே, "வீடு கிடக்கு போ. இந்தத் துருவோட மல்லுக்கட்டி எனக்கும் அலுத்துப்போச்சு" என்றாள்.

"அப்புறம் என்னம்மா?"

துலக்கிய கை நின்றது. "போன தடவை மக வீட்டுக்குப் போயிருந்தோம். தங்கமான பொண்ணு. ஒரு டீ போடலாம்னு எழுந்தாக்கூட, 'நீ உக்காரும்மா'ங்கிறா. இருந்த நாளெல்லாம் உக்காந்தேதான் இருந்தேன். சாகிற வரைக்கும் விருந்தாளியாவே இருக்க முடியுமா, சொல்லு."

"ஐயாகிட்ட சொன்னீங்களா?"

"மகளைக் குறை சொல்றேன்னு நினைப்பாரு."

வீட்டக்காவுக்கு அண்ணியின் அடுக்களை கண்முன் வந்து நின்றது. "நான் சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

"சொல்லு. என்னால ஆகாது."

பெரியவர் கடற்கரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் சிவந்துபோனது. "இது எங்க வீட்டு விவகாரம். உன் வேலை வீடு விக்கிறது."

"அதுக்குத்தான் ஐயா வந்தேன். இந்த வீட்டை வித்துட்டு, உள்தெருவுல சின்னதா ஒண்ணு வாங்கிக்கலாம். நல்ல வீடு ஒண்ணு இருக்கு, என் கையிலதான் சாவி."

அவர் எழுந்து போய்விட்டார். கையிலிருந்த வேலையும் போயிற்று என்றே அவள் நினைத்தாள். சில நாள் கழித்து அவரே போன் செய்தார். "இத்தனை வருஷம் கூட இருக்கேன். என்கிட்ட சொல்லாததை உன்கிட்ட சொல்லியிருக்கா பாரு" என்றார். பிறகு, "அந்தச் சின்ன வீட்டைக் காட்டு" என்றார்.

உள்தெரு வீட்டில் அந்த அம்மாள் நேரே அடுக்களைக்குத்தான் போனாள். குழாயைத் திறந்து பார்த்தாள். மேடைமேல் கையை வைத்து உயரம் பார்த்தாள். "இது போதும்" என்றாள்.

கடலோர வீட்டுக்கு அடுத்து வந்தவர்கள் வாத்தியார் வேலை பார்க்கும் புருஷன் பெண்டாட்டி. அவர்களிடமும் அந்த அம்மாள் ஒரு குறை விடாமல் சொன்னாள். ஆனால் இம்முறை, தாழ்ப்பாளைப் பித்தளையில் போடு, துணியைப் பின்கட்டில் உலர்த்து என்று வழியும் சேர்த்துச் சொன்னாள். "இவ்வளவு உண்மையா யாரும் வீடு விக்கமாட்டாங்க" என்று சிரித்தபடி அவர்கள் அதையே வாங்கிக்கொண்டார்கள்.

மகளுக்குத்தான் மனசு ஆறவில்லை. வீட்டக்காவுக்குப் போன் போட்டு, "எங்கம்மாவை என்கிட்ட வரவிடாம பண்ணிட்டீங்க" என்று அழுதாள். வீட்டக்காவுக்கு அந்தப் பெண்ணின் பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. மகளின் கோபம் அடங்க ரொம்ப நாளாயிற்று.

பிறகொரு நாள் கடைத்தெருவில் அந்தப் பெரியவர் எதிரே வந்தார். கை நிறையக் காய்கறி. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"இப்பல்லாம் எதையும் நானா முடிவு பண்றதில்ல, அவளைக் கேட்டுடறேன். முதல் தடவை ஒண்ணுமில்லங்கிறா," என்றார். "இன்னொரு தடவை கேட்டா சொல்றா."