லிஸ்பனில் ஒரு செவ்வாய்க்கிழமை

பழனி ரோட்டில் முப்பது வருடம் தனியார் பஸ் கண்டக்டராக இருந்த ஆரோக்கியதாஸ் தொலைந்துபோனதற்கு, அவரை எல்லோருக்கும் தெரிந்திருந்ததுதான் காரணம். வேலையை விட்டு மூன்று வருடத்தில் ஞாபகம் கழன்றுகொண்டது. பெற்ற ஒரே மகனின் பெயர் வராது. பஸ் நிறுத்தங்களின் பெயர் மட்டும் வரிசை தப்பாமல் வரும். ஓர் ஆகஸ்ட் காலையில், மனைவி வியாகுலம்மாள் கடைக்குப் போன நேரம் பார்த்து, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பழனி பஸ்ஸில் ஏறிவிட்டார். தாஸ் அண்ணன் ஆயிற்றே என்று கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை. எங்கே போகிறீர்கள் என்றும் கேட்கவில்லை. முன் சீட்டில் உட்காரவைத்து, பழனியில் டீ வாங்கிக் கொடுத்து, அவர் கைகாட்டிய அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அந்த அடுத்த கண்டக்டரும் மரியாதை தெரிந்தவர்தான். இப்படி மரியாதையாகவே கைமாறி மனிதர் காணாமல் போனார். நெய்க்காரப்பட்டியில் இறங்கியதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னதோடு தகவல் நின்றுபோனது.

மகன் பிரிட்டோவுக்குப் போர்ச்சுகலில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. செப்டம்பரில் கிளம்ப வேண்டும். அப்பா இல்லாத வீட்டில் அம்மாவைத் தனியே விட்டுப் போக அவனுக்கு மனசில்லை. வியாகுலம்மாள் விடவில்லை. அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் அந்தோணியார். பதுவை அந்தோணியார் என்று சொல்லிச் சொல்லி, அவர் பிறந்ததும் பதுவையில்தான் என்று அவள் நினைத்திருந்தாள். இல்லை, பிறந்தது லிஸ்பனில், பிறந்த வீடு இருந்த இடத்தில் இப்போது கோயில் இருக்கிறது, அது உங்கள் மகன் போகிற நாட்டில்தான் என்று பங்குச் சாமியார் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது. இங்கே செவ்வாய்க்கிழமை நவநாள் ஜெபத்தில் அவருடைய சுரூபத்தின் காலடியில் லெட்டர் வைத்தால் கேட்கிறவர், பிறந்த வீட்டிலேயே போய்ச் சொன்னால் கேட்காமலா இருப்பார்?

புருஷனின் போட்டோ ஒன்றையும் தன் கையால் எழுதிய லெட்டரையும் கவரில் போட்டு ஒட்டி மகனிடம் கொடுத்தாள்.

"செவ்வாக்கெழம பாத்துத்தான் வைக்கணும். உன் கையால வையி அப்பு. வேற யார்ட்டயும் குடுத்து விட்றாத."

அவன் போன பிறகு அவள் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு செவ்வாயும் நவநாள் முடிந்ததும், காணவில்லை நோட்டீஸ் கட்டோடு பழனி பஸ்ஸில் ஏறுவாள். ஒட்டன்சத்திரத்தில் இறங்கி பஸ் ஸ்டாண்டையும் காய்கறி மார்க்கெட்டையும் ஒரு சுற்றுச் சுற்றுவாள். அப்புறம் பழனி. பொழுது சாயத் திரும்புவாள். அவள் நோட்டீஸ் ஒட்டாத தூண் அந்த ரோட்டில் கிடையாது.

பிரிட்டோ படித்தது லிஸ்பனிலிருந்து இரண்டு மணி நேர ரயில் தூரத்தில் இருந்த சின்ன ஊரில். செவ்வாய் பார்த்து அவனுக்குக் காலை முதல் மாலை வரை லேப். வாராவாரம் அம்மா கேட்பாள், அவன் அடுத்த வாரம் என்பான். இப்படியே ஐந்து மாதம் ஓடிவிட்டது. கடைசியில் தவக்காலத்துக்கு முந்தைய செவ்வாய் வந்தது. அங்கே அன்று கார்னிவல் திருவிழா, ஊருக்கே விடுமுறை. வகுப்பில் எட்டுப் பேர் லிஸ்பன் கிளம்பினார்கள். கூடவே பாஸிலாவும். அவள் திண்டுக்கல் பேகம்பூர்க்காரி. கவர் விஷயம் அங்கே அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த நாளைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் பிரிட்டோவை இன்று வரை வதைக்கிறது. மஞ்சள் டிராம் சந்துக்குள் புகுந்து மேட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறியது. மேட்டிலிருந்து பார்த்தால் ஆறு தெரிந்தது, அக்கரை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. ஆத்தூர் அணை நிறைந்தாலே திருவிழா போலப் பார்க்கப் போகிற ஊர்க்காரன், வாயைப் பிளந்துகொண்டு நின்றான். மேலே கருகிய முட்டைப் பணியாரம் மாதிரி இருந்ததை நாலு தின்றான். வேஷம் கட்டிய ஒரு கிழவி அவன் தலையில் காகிதக் கிரீடத்தை வைத்து ஆடச் சொன்னாள். ஆடினான். வயிறு வலிக்கச் சிரித்தான். அப்பா போன பிறகு அவன் சிரித்தது அன்றுதான்.

பாஸிலா இரண்டு முறை ஞாபகப்படுத்தினாள். கோயில் பக்கத்தில்தான், போய்விட்டு வந்துவிடலாம் என்றாள். செத்த நேரம் கழித்து என்றான் அவன். மறந்துபோய் அப்படிச் சொல்லவில்லை. கவர் கோட்டுப் பைக்குள் நெஞ்சை உரசிக்கொண்டுதான் இருந்தது. அதை வெளியே எடுத்தால் அந்த நாள் முடிந்துவிடும். இன்னும் கொஞ்ச நேரம் அப்பா இல்லாமல் இருந்துகொள்ளலாம் என்று அவனுக்குத் தோன்றியது. இருபத்துமூன்று வயதுப் பிள்ளைக்கு அப்படித் தோன்றியது பெரிய பாவமா என்றால், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சாயங்காலம் மூச்சிரைக்க ஓடியபோது கோயில் கதவு சாத்தியிருந்தது. கதவைத் தட்டிப் பார்த்தான். ஊர் திரும்பும் கடைசி ரயிலுக்கு அரை மணி நேரம்தான் இருந்தது. சாத்திய கதவும் மேலே இருந்த சிலுவையும் தெரிய ஒரு போட்டோ எடுத்தான். ரயிலில் உட்கார்ந்து அதை அம்மாவுக்கு அனுப்பி, கீழே "வச்சுட்டேம்மா" என்று எழுதினான். எதிரே இருந்த பாஸிலா பார்த்தாள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் சாம்பல் புதன். வியாகுலம்மாள் கோயிலில் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் அந்தப் போட்டோவைக் காட்டினாள். நெற்றியில் சாம்பலோடு மகனைக் கூப்பிட்டு, இனிமேல் அந்தோணியார் பொறுப்பு, நான் தேடிப் போகப்போவதில்லை என்றாள். புருஷன் வீடு வந்து சேர்கிற நேரம் கதவு பூட்டிக் கிடக்கக் கூடாதாம். போகாமல் இருந்துவிடாதே என்று சொல்ல பிரிட்டோவுக்கு வாய் வரை வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பாள். அடுத்த விடுமுறையில் போய் வைத்துவிட்டால் பொய் மெய்யாகிவிடும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

நாலு செவ்வாய் அவள் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஐந்தாவது செவ்வாய்க்கு முந்தின நாள் ஒட்டன்சத்திரத்திலிருந்து போலீஸ் கூப்பிட்டது. மார்க்கெட் ஓரத்தில் இறந்து கிடந்தவரின் தாடி மண்டிய முகத்தை உற்றுப் பார்த்தால், அது அங்கே தூணில் ஒட்டியிருந்த நோட்டீஸில் இருந்ததாம்.

பிரிட்டோ வந்து சேர மூன்று நாள் ஆனது. அடக்கம் முடிந்த மறு ஞாயிறு, ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருக்கும் சோலைமலை வீடு தேடி வந்தார். கொடுத்த காபியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"மூணு வாரமா அங்கயேதானுங்க இருந்தாரு. திண்டுக்கல் பஸ் நிக்கிற எடத்துல நின்னுக்கிட்டு திண்டுக்கல் திண்டுக்கல்னு கூப்பிட்டுட்டே இருப்பாருங்க. பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடறவர்னு நெனச்சுட்டனுங்க. தாடி மூடிப்போயி, கண்டக்டருங்களுக்கே அடையாளம் தெரியலீங்க. எல்லாத்தையும் ஏத்திவிட்டுட்டு, கடைசியா ஏறலாம்னு நிப்பாரு. பஸ்ஸு போயிருமுங்க."

கண்டக்டர் கடைசியில்தான் ஏறுவார். முப்பது வருடப் பழக்கம். அந்த ஊர் ஜனத்தையெல்லாம் தன் வீட்டுப் பக்கம் ஏற்றி அனுப்பிவிட்டு மனிதர் அங்கேயே நின்றிருக்கிறார்.

சோலைமலை போன பிறகு வியாகுலம்மாள் அழவில்லை. அது நான் எப்போதும் இறங்குகிற இடம் என்றாள். பிள்ளை அவ்வளவு தூரம் போய் வைத்தான், அந்தோணியாரும் கொண்டுவந்து நிறுத்தினார், நான்தான் போய்க் கூட்டி வராமல் சோம்பேறியாக உட்கார்ந்துவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டாள். அன்றும் மறுநாளும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

பிரிட்டோவால் அதற்கு மேல் கேட்க முடியவில்லை. கோட்டுப் பையிலிருந்து கவரை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தான்.

"நான் வைக்கலம்மா. கோயில் சாத்திருச்சு. உங்கிட்டப் பொய் சொல்லிட்டேன்."

அவள் கவரைப் பிரித்தாள். போட்டோவில் காக்கிச் சட்டையும் தோள் பையுமாக ஆரோக்கியதாஸ் சிரித்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் பார்த்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று அவன் காத்திருந்தான். அன்று முழுக்க என்ன செய்தாய் என்றுதான் கேட்டாள். அவன் ஒன்றையும் மறைக்கவில்லை. டிராம், ஆறு, பணியாரம், கிரீடம், பாஸிலா ஞாபகப்படுத்தியது எல்லாம் சொன்னான்.

"சந்தோசமா இருந்தியா?"

"இருந்தேம்மா."

சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

மறுநாள் செவ்வாய். நவநாளுக்குப் போகாமல், போட்டோவைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். அந்த மூன்று வாரம் அவருக்குச் சோறு போட்டது யார், எங்கே படுத்திருந்தார் என்று கேட்க வேண்டுமாம். நானும் வருகிறேன் என்றான் பிரிட்டோ. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். பஸ் ஸ்டாண்டு வரை பின்னாலேயே நடந்தான்.

பழனி பஸ்ஸில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தாள். கண்டக்டருக்கு அவளைத் தெரிந்திருந்தது. தாஸ் அண்ணன் வீட்டம்மாவிடம் டிக்கெட் கேட்பதா என்று, கும்பிட்டுவிட்டு அடுத்த சீட்டுக்கு நகர்ந்தார். அவள் அவர் பையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எங்க போறேன்னு கேளுப்பா. தெரிஞ்ச மூஞ்சியா இருந்தாலும் கேளு."

கண்டக்டர் திகைத்துப்போய், எங்கம்மா போறீங்க என்று கேட்டார்.

"ஒட்டன்சத்திரம். ஒரு டிக்கெட்."

படிக்கட்டில் வைத்த காலை பிரிட்டோ கீழே எடுத்துக்கொண்டான்.